பரணில் கிடக்கும் ரூட்டர்கள்

இந்திய நகரங்களில் பத்தாண்டுகளுக்கு மேலாக இணைய வசதி பெற்றுள்ள எந்த இல்லத்திலும் பரணையோ அலமாரியின் அடித்தட்டையோ துழாவினால், கொம்பு போன்ற சிறு ஆன்டெனாக்களுடன் கூடிய பெட்டிகள் இரண்டு மூன்றேனும் அகப்படும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த காலத்தில் வாங்கியது ஒன்று. பின்கட்டு அறைக்கு அலை எட்டவில்லை என்று கடைக்காரரின் சொற்கேட்டு வாங்கியது மற்றொன்று. பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் புகுந்த 2020ஆம் ஆண்டில் அவசரமாகத் தருவித்தது வேறொன்று. கண்ணாடியிழை இணைப்பு வந்தபோது சேவை நிறுவனத்தாரே புதுப் பெட்டியொன்றைச் சுவரில் பொருத்திச் செல்ல, பழையவை யாவும் ஓய்வு பெற்றன. அவை ஓய்வு பெற்றனவேயன்றிப் பழுதுபட்டன அல்ல.

ரூட்டர் என்னும் இச்சாதனத்துக்குத் ‘திசைவி’ என்ற தமிழ்ப் பெயரும் வழங்கி வருகிறது. நல்ல சொல்தான், ஆயினும் அது பாடநூலைவிட்டு வீட்டுக்குள் இன்னும் வரவில்லை. வீட்டில் பெரும்பாலோர் அதனை ‘மோடம்’ என்றோ ‘வைஃபை பெட்டி’ என்றோதான் அழைக்கின்றனர். இரண்டும் முற்றிலும் சரியல்ல என்பது மட்டுமன்று. பழைய பெட்டிகளைப் பயன்படுத்த முற்படுவோர் முதலில் இடறி விழுவதும் இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான்.

வட இந்திய நகரங்களில் பரவலாகக் காணப்படும் மூன்றடுக்கு வீடொன்றை உதாரணமாகக் கொள்ளலாம். முகப்பு குறுகியது, உள்நீளம் மிகுதி. தரைத்தளத்தின் பின்னறையில் முதியவர் வசிக்கிறார். நடுத்தளத்தில் மகனும் மருமகளும். கண்ணாடியிழை நுழைவது அத்தளத்தின் முன்கூடத்தில். மேல்தளத்தில் கல்லூரி மாணவியான பேத்தி. 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘ஸ்வயம்’ திட்டத்தின் பாடங்களை அவள் கேட்க வேண்டும். 2019ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘இ-சஞ்சீவனி’ வாயிலாக முதியவர் மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும். ஆனால் பின்னறையில் மருத்துவரின் முகம் உறைந்துபோகிறது. குரல் துண்டு துண்டாக வருகிறது. ஆகவே மூட்டுவலிக்கு ஆலோசனை கேட்பதற்காக அம்முதியவர் பாதி மாடிப்படி ஏறி, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கிறார். மிகைவேகத் திட்டத்துக்கு மாறினால் குறை நீங்கும் என்று சேவை நிறுவனத்தின் விற்பனையாளர் கூறுவார். குறை கண்ணாடியிழையில் இல்லை. அது வீட்டு வாசலை அடைந்த பின்னர் உள்ள கடைசி நாற்பது அடியில் இருக்கிறது. மாதந்தோறும் மிகுதியாகக் கட்டும் பணம் அந்த நாற்பது அடியைத் தாண்டுவதில்லை. பரணிலுள்ள பெட்டிகளோ தாண்டக்கூடும்.

சுவரும் அலையும்

வைஃபை என்பது வானொலி அலையே. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அதன் அலைநீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். இத்தகைய சிற்றலைகளை ஆராய்ந்தவர்களில் முன்னோடி நம் நாட்டவரான ஜகதீச சந்திர போஸ். 1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில், கம்பித் தொடர்பு ஏதுமின்றி, மின்காந்த அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை அடிக்கச் செய்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் அவர் காட்டினார். அவர் கையாண்ட அலைகளில் சில அரை சென்டிமீட்டர் நீளமே உடையவை. இன்றைய வீட்டு ரூட்டரின் அலைகளினும் குறுகியவை.

திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகும். வீட்டினுள் இக்கணக்கு மட்டும் போதாது. செங்கற்சுவர் ஓரளவு அலையை விழுங்கும். இரும்புக் கம்பி பின்னிய காங்கிரீட் தளமோ, கம்பியின் நெருக்கத்தையும் ஈரத்தையும் பொறுத்து, தன்மேல் விழும் அலையில் பத்தில் ஒரு பங்கையோ நூறில் ஒரு பங்கையோதான் கீழே விடும். இரும்பு அலமாரி, நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி ஆகியன அலையைத் திருப்பி அடிக்கும். நிறைந்த தண்ணீர்த் தொட்டி அதனை உறிஞ்சிவிடும். அலைநீளம் குறையக் குறைய ஊடுருவும் ஆற்றலும் குறைவதால், 5 கிகாஹெர்ட்ஸ் அலை அறைக்குள் விரைவாகவும் சுவருக்கு அப்பால் சோர்வாகவும் இருக்கிறது.

எனினும் கைப்பேசியின் செவி வியப்பூட்டும் அளவுக்குக் கூர்மையானது. ரூட்டர் வெளியிடும் சக்தி பொதுவாக 100 மில்லிவாட் அளவினது. அதில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வந்து சேர்ந்தால்கூடக் கைப்பேசி அதனைக் கண்டுகொள்ளும்; ஆனால் அந்நிலையில் தொடர்பு தள்ளாடும். இந்த வலிமையை அளவிட்டுக் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. அவை காட்டும் எண் கழித்தல் 50 எனில் மிக நன்று. கழித்தல் 65 எனில் முகம் பார்த்துப் பேசுவதற்குப் போதும். கழித்தல் 80 எனில் அவ்விடத்தில் பேச்சுக்கு உத்தரவாதமில்லை. எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதற்கு முன், அறைதோறும் கைப்பேசியுடன் நடந்து இவ்வெண்களை ஒரு தாளில் குறித்துக் கொள்வது அரை மணி நேர வேலை. இதனைச் செய்யாமல் பெட்டியை இடம் மாற்றிக்கொண்டே இருப்பது, காய்ச்சலை அளக்காமல் மருந்தை மாற்றுவது போன்றது.

ரூட்டரின் சக்தியைக் கூட்டிவிட்டாலென்ன என்று சிலர் எண்ணலாம். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2005ஆம் ஆண்டு ஜனவரியில் உரிமம் பெறும் கட்டாயத்திலிருந்து விடுவிக்கப்பட்டபோது, வெளியீட்டுச் சக்திக்கு உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. சட்டம் ஒருபுறமிருக்க, உரையாடல் இருவழிப்பட்டது. ரூட்டர் எவ்வளவு உரக்கக் கூவினாலும், சிறிய மின்கலத்தைக் கொண்ட கைப்பேசியின் மறுமொழி அதன் காதுக்கு எட்டாவிட்டால் பயனில்லை. ஆகவே உரத்த பெட்டி ஒன்றைவிட, அருகில் உள்ள அடக்கமான பெட்டிகள் இரண்டு மேல்.

ஒரே பெட்டியில் நான்கு தொழில்கள்

வீட்டு ரூட்டர் எனப்படுவது உண்மையில் நான்கு சாதனங்களின் கூட்டு. வெளியுலக இணையத்துக்கும் வீட்டுக்கும் இடையே வாயிற்காவலனாக நின்று செய்திகளை மாற்றித் தருவது ஒன்று. வீட்டிலுள்ள கருவிகளுக்குக் கதவிலக்கம் போன்ற முகவரிகளை வழங்குவது இரண்டாவது, இதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். கம்பிகளை ஒன்றிணைக்கும் கிளைப்பெட்டி, அதாவது ‘சுவிட்ச்’, மூன்றாவது. வானொலி அலையை வீசி ஏற்கும் நிலையம் நான்காவது. தொலைபேசிக் கம்பி காலத்துப் பெட்டியாயின் மோடம் என்னும் ஐந்தாவது உறுப்பும் உண்டு.

பழைய பெட்டியை மீண்டும் பணியில் அமர்த்துவதன் சூட்சுமம், இந்நான்கில் பின்னிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு முன்னிரண்டையும் உறங்கச் செய்வதே. தொலைபேசி மோடம் உறுப்பு பயனற்றுப் போனதால் பெட்டியே பயனற்றது என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. தொலைபேசிக் கம்பிக்கான துளையைத் தொடாமல் விட்டுவிட்டால், எஞ்சிய கிளைப்பெட்டியும் அலைநிலையமும் வாங்கிய நாளில் போலவே வேலை செய்யும்.

ஒரு வீட்டில் முகவரி வழங்குபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். இணைய முகவரிகளின் முதல் ஏற்பாடு 32 இலக்க இரும எண்களாலானது. அதன்படி மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே கிடைக்கும். உலகத்துக்கு இவை போதா என்பது விரைவில் புலப்பட்டமையால், சில முகவரித் தொகுதிகள் தனியார் உபயோகத்துக்கென 1996ஆம் ஆண்டில் ஒதுக்கி வரையறுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே சமயத்தில் புழங்குவது இதனால்தான். வாயிற்காவலன் அவற்றை வெளியே விடாமல், பொது முகவரி ஒன்றைப் போர்த்தி அனுப்புகிறான்.

இப்போது முதியவரின் அறையில் பழைய ரூட்டரை அப்படியே செருகினால் என்ன நேரும்? அதுவும் தன்னை வாயிற்காவலனாகவே எண்ணிக்கொள்ளும். அதுவும் முகவரிகளை வழங்கும். ஒரே தெருவுக்கு இரு தபாற்காரர்கள் தத்தம் போக்கில் கதவிலக்கம் எழுதினால் விளையும் குழப்பம் விளையும். பழைய பெட்டியிடம் முகவரி பெற்ற கைப்பேசி, வெளியுலகுக்கு வழி கேட்டு அந்தப் பெட்டியிடமே செல்லும்; அதற்கோ வழி தெரியாது. திரையில் வைஃபை சின்னம் முழுமையாக ஒளிர, இணையம் மட்டும் இராது. இந்த மர்மத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

செய்முறை இது. பெட்டியின் பின்புறம் ஊசி நுழையுமளவு சிறு துளை ஒன்று உண்டு. மின்னிணைப்புத் தந்து, அத்துளைக்குள் உள்ள பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். வீட்டு வலையோடு சேர்க்காமல், மடிக்கணினி ஒன்றை மட்டும் கம்பியால் அதன் ‘லேன்’ துளையில் இணைத்து, பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் கண்ட முகவரியைத் திறக்க வேண்டும். முதற்காரியமாக நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். அடுத்து வலையின் பெயரையும் சாவிச் சொல்லையும் எழுத வேண்டும். பின்னர் பெட்டியின் சொந்த முகவரி. முதன்மை ரூட்டர் 192.168.1.1 என்றிருந்து, 100 முதல் 200 வரையிலான எண்களைக் கருவிகளுக்கு வழங்கி வருமாயின், பழைய பெட்டிக்கு 192.168.1.2 என்று தரலாம். அது வழங்குபட்டியலுக்கு வெளியே இருப்பதே முக்கியம். இம்மாற்றத்தைச் சேமித்ததும் பழைய முகவரியில் பெட்டி பதில் கூறாது. புது முகவரியில் மீண்டும் நுழைய வேண்டும். டி.எச்.சி.பி. பகுதியை அணைப்பதை இறுதிக்கு ஒத்தி வைப்பது நலம். முன்னரே அணைத்துவிட்டால் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காமல், பாதி வேலையில் கதவு சாத்திக்கொள்ளும்.

இவை முடிந்தபின் முதன்மை ரூட்டரின் லேன் துளையையும் பழைய பெட்டியின் லேன் துளையையும் ஒரு கம்பியால் இணைத்தால் வேலை நிறைவேறியது. ‘வான்’ என்றோ ‘இன்டர்நெட்’ என்றோ பொறிக்கப்பட்டு, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் துளை வெறுமையாகவே இருக்கட்டும். அதில் செருகினால் பெட்டி மீண்டும் வாயிற்காவலனாகிவிடும். வீட்டுக்குள் ஒரு வீடு உண்டாகும். அவ்வாறும் இணையம் வரக்கூடும். ஆனால் முதியவரின் அறையிலுள்ள அச்சுப்பொறி மேல்தளத்து மாணவியின் கணினிக்குப் புலப்படாது. இரு பெட்டிகளும் ஒரே முகவரித் தொகுதியைக் கையாளுமாயின் எதுவுமே ஓடாது. அண்மைக் காலப் பெட்டிகள் சிலவற்றில் ‘அக்சஸ் பாயின்ட்’ என்ற தனி நிலை உண்டு. அதனைத் தேர்ந்தால் மேற்கூறிய மாற்றங்களைப் பெட்டியே செய்துகொள்ளும். அப்போது வான் துளையும் சாதாரணத் துளையாகிவிடும்.

கம்பியில்லா வலைக்குக் கம்பி

கம்பியில்லா வலையை நன்கு அமைக்க வேண்டுமானால் கம்பி இழுக்க வேண்டும் என்பது முரணாகத் தோன்றலாம். அனுபவமுள்ளோர் யாவரும் முதலில் கூறுவது இதுதான். ஈதர்நெட் கம்பி ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரை செல்லலாம். எந்த வீட்டுக்கும் இது மிகுதி. ‘கேட் 5இ’ எனப்படும் தரம் விநாடிக்கு 1,000 மெகாபிட் வரை தாங்கும். அவ்வேகத்துக்கு உள்ளிருக்கும் எட்டு இழைகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். பழைய பெட்டிகள் பலவற்றின் துளைகள் 100 மெகாபிட் அளவினவே. நூறு மெகாபிட் திட்டம் உள்ள வீட்டுக்கு அது குறையாகாது. முகம் பார்த்துப் பேசும் முதியவருக்கு விநாடிக்கு ஓரிரு மெகாபிட்டே போதும். அவருக்கு வேண்டுவது வேகமன்று, தடைபடாமை. ஆகவே எல்லாவற்றினும் பழைய தொலைபேசிக் காலப் பெட்டியைத் தரைத்தளத்துக்கும், 2020இல் வாங்கிய இரட்டை அலைப்பகுதிப் பெட்டியை மேல்தளத்துக்கும் ஒதுக்குவது பொருந்தும்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் கம்பிகளில் தாமிர முலாம் பூசிய அலுமினியம் கலந்திருப்பதுண்டு. வளைத்தால் ஒடியும், நீண்ட ஓட்டத்தில் சைகை நலியும். சற்று விலை கூடினும் முழுத் தாமிரமே வாங்கத் தக்கது. மாடிப்படிக் கிணற்றின் வழியே கம்பியை இறக்குவது எளிது; ஆனால் மின்சாரக் கம்பிகள் செல்லும் குழாயிலேயே அதனையும் திணிப்பது ஆபத்தானது. வீட்டுக்கு வெளியே, மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்குத் தாமிரக் கம்பி கட்டுவதும் மின்னல் காலத்தில் வினையாகும். வெளியே செல்ல நேரின் கண்ணாடியிழையே தகும்.

கம்பிக்கு வழியே இல்லாத வீடுகளில் பழைய பெட்டியை ‘ரிப்பீட்டர்’ என்னும் மறுவொலிபரப்பியாக அமைக்கலாம். ஒரே அலைநிலையத்தைக் கொண்டு ஒரு முறை கேட்டு, மறுமுறை அதையே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும். இரட்டை அலைப்பகுதிப் பெட்டியாயின் முதன்மை ரூட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸிலும் கைப்பேசிகளோடு 2.4 கிகாஹெர்ட்ஸிலும் பேசச் செய்து இவ்விழப்பைத் தவிர்க்கலாம். இங்கே பலரும் செய்யும் பிழை, அலை எட்டாத அறையிலேயே மறுவொலிபரப்பியை வைப்பது. தனக்கே கேட்காததை அது எவ்வாறு பிறருக்குச் சொல்லும்? அலை இன்னும் தெளிவாக உள்ள பாதி வழியில், மாடிப்படி வளைவு போன்ற இடத்தில் அதற்கு இடம் தர வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கம்பியாலும் இணைத்து, மறுவொலிபரப்பியாகவும் விட்டுவைத்தால் வலையில் வளையம் ஏற்படும். எல்லோருக்குமாக அனுப்பப்பட்ட செய்தி அவ்வளையத்தில் முடிவின்றிச் சுழன்று பெருகி, சில விநாடிகளில் வீட்டின் தொடர்பு முழுவதையும் முடக்கும். பெரிய வலைகளில் இத்தகைய வளையங்களைத் தாமாகவே கண்டு அறுக்கும் முறையை ராடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் 1985ஆம் ஆண்டில் வகுத்தார். ஆனால் மலிவான வீட்டுப் பெட்டிகள் பல அதனைக் கைக்கொள்வதில்லை. எல்லா விளக்குகளும் ஒருசேர வெறிபிடித்தாற்போல் மின்னத் தொடங்கினால், இரண்டாவது இணைப்பைத் தேடிப் பிடுங்க வேண்டும்.

அலைவழிப் பங்கீடு

ஒரே வீட்டில் மூன்று நிலையங்கள் பேசத் தொடங்கினால் ஒன்றன் பேச்சை மற்றது குலைக்காதா? 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 13 சானல்கள் இருப்பதாகப் பட்டியல் காட்டும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கிடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியே உண்டு. ஒவ்வொரு நிலையத்துக்கும் வேண்டும் அகலமோ ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே ஒன்றையொன்று தொடாதவை 1, 6, 11 என்ற மூன்றே. தரைத்தளத்துக்கு 1, நடுத்தளத்துக்கு 6, மேல்தளத்துக்கு 11 என்று கையால் எழுதிவிடுவது நல்லது. அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கும் ஏற்பாடு பெட்டியில் இருப்பினும், நெருக்கமான குடியிருப்பில் இப்பகுதியில் அதனை விரும்பலாகாது.

அண்டை வீட்டார் 6இல் இருப்பதைக் கண்டு, அவர்களை விட்டு விலகுவதாக எண்ணி 4ஐயோ 8ஐயோ தேர்வோர் உளர். இது நிலைமையை மோசமாக்கும். ஒரே சானலில் உள்ள நிலையங்கள் பேசுமுன் செவிசாய்த்து, மற்றவர் முடிக்கும்வரை காத்திருக்கின்றன. வைஃபையின் அடிப்படை ஒழுக்கம் இதுவே. பாதி மேற்படியும் சானலில் உள்ளவரின் பேச்சு பேச்சாகப் புரியாமல் வெறும் இரைச்சலாகிவிடுவதால், காத்திருத்தலும் முறையாக நடவாது. பேச்சும் தெளிவாகக் கேளாது. முறை வைத்துப் பகிர்வதே கௌரவமானது. நுண்ணலை அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால், சமையலறை ஓரத்து இணைப்பு உணவு சூடாகும் நேரத்தில் தடுமாறுவதில் வியப்பில்லை.

5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இட நெருக்கடி குறைவு. இந்தியாவில் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் இப்பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. இதன் சில பகுதிகளை ராடார்களும் கையாள்வதால், அச்சானல்களைத் தேர்ந்த பெட்டி ஒலிபரப்பத் தொடங்குமுன் ஒரு நிமிடம் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருப்பதுண்டு. பெட்டி பழுதாகிவிட்டதென்று அவசரப்பட வேண்டியதில்லை.

மூன்று பெட்டிகளுக்கும் ஒரே வலைப்பெயரும் ஒரே சாவிச் சொல்லும் ஒரே பாதுகாப்பு முறையும் தந்துவிட்டால், கைப்பேசி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானே மாறும். எப்போது மாறுவது என்பதைப் பெரும்பாலும் கைப்பேசியே தீர்மானிக்கிறது. சில கைப்பேசிகள் பழைய உறவை எளிதில் விடா. கீழே வந்த பின்னும் மாடிப் பெட்டியையே பற்றிக்கொண்டிருக்கும் கைப்பேசிக்கு, மாடிப் பெட்டியின் சக்தியைச் சற்றுக் குறைப்பது மருந்து. ஆன்டெனாவின் நிலையையும் கவனிக்க வேண்டும். செங்குத்தாக நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் அலையை வீசும். நேர்மேலும் நேர்கீழும் மிகக் குறைவு. மேல்தளத்துக்கோ கீழ்த்தளத்துக்கோ எட்ட வேண்டுமானால் ஒன்றைப் படுக்கையாக மடக்கிவிடலாம்.

தர்மசாலாவில் ஒரு சோதனை

பல ரூட்டர்களைக் கோத்து வலை பின்னும் கலை இந்திய மண்ணில் பெரிய அளவிலேயே சோதிக்கப்பட்டிருக்கிறது. மேற்கூறிய 2005ஆம் ஆண்டு விடுவிப்பையடுத்து, அவ்வாண்டு பிப்ரவரியில் இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் சமுதாயக் கம்பியில்லா வலை ஒன்று உயிர்பெற்றது. மலைச்சரிவில் கம்பி இழுப்பது கடினமான அவ்வூரில், வீட்டு உபயோகத்துக்கென விற்கப்பட்ட சாதாரண ரூட்டர்களை மாற்றியமைத்து, மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் உறைகளில் அடைத்துக் கூரைகளில் ஏற்றினர். அம்மாத இறுதிக்குள் எட்டு வளாகங்கள் இணைக்கப்பட்டன. நிலையம் ஒவ்வொன்றும் அடுத்த நிலையத்தின் செய்தியைச் சுமந்து செல்லும் ‘மெஷ்’ முறை அது. ‘ஏர்ஜல்தி’ என்னும் அமைப்பு அதிலிருந்தே வளர்ந்தது.

இது சாத்தியமானதற்கு முன்கதை உண்டு. லிங்க்ஸிஸ் நிறுவனம் 2002ஆம் ஆண்டு இறுதியில் வெளியிட்ட நீலப் பெட்டி ஒன்று, லினக்ஸ் என்னும் பொது மென்பொருளில் இயங்கியது. அம்மென்பொருளின் உரிம விதிப்படி மூலநிரலை வெளியிட வேண்டும் என்று ஆர்வலர்கள் வற்புறுத்த, 2003இல் அது வெளியாயிற்று. அதை அடித்தளமாகக் கொண்டு 2004இல் தோன்றிய ‘ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.’ இன்றும் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டு வருகிறது. தயாரித்தவர் கைவிட்ட பழைய ரூட்டருக்கு இதனால் புத்துயிர் ஊட்டக் கூடும். ஆயினும் வீட்டிலுள்ள ஒவ்வொரு பெட்டிக்கும் இம்மருந்து பொருந்தாது. 4 மெகாபைட் நினைவகமே உள்ள மிகப் பழம் பெட்டிகள் புதிய பதிப்புகளை ஏற்பதில்லை. தவறான பதிப்பை ஏற்றினால் பெட்டி செங்கல்லாகிவிடும். முதல் முயற்சியைத் தேவைப்படாத பெட்டியில் செய்வது விவேகம்.

பூட்டும் சாவியும்

பழைய பெட்டியைத் திரும்ப எடுப்பதில் உண்மையான ஆபத்து எதுவென்றால் அது பாதுகாப்பே. வைஃபையின் முதற்பூட்டான டபிள்யூ.இ.பி. முறை 2001ஆம் ஆண்டிலேயே கணித முறையில் உடைக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பின் வந்த டபிள்யூ.பி.ஏ.2 முறை 2004ஆம் ஆண்டினது, டபிள்யூ.பி.ஏ.3 முறை 2018ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. பெட்டியால் டபிள்யூ.பி.ஏ.2 முறையேனும் இயலவில்லையெனில் அதனைப் பயன்படுத்துவது குறித்துத் தர்க்கத்துக்கே இடமில்லை. மூன்று கதவுகளில் ஒன்றின் பூட்டு உடைந்திருந்தால் மற்ற இரண்டும் பூட்டியிருந்து என்ன? பொத்தானை அழுத்தி இணையும் டபிள்யூ.பி.எஸ். வசதியில் 2011இல் பெரும் ஓட்டை ஒன்று கண்டறியப்பட்டது; அதனை அணைத்துவிடுவதே முறை.

2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத காமிராக்களையும் ரூட்டர்களையும் உலகெங்கும் பிடித்துப் படையாக்கி, அவ்வாண்டு அக்டோபரில் புகழ்பெற்ற பல இணையத்தளங்களை முடக்கியது. அந்தப் படையில் சேர்ந்த பெட்டிகளின் உரிமையாளர்களுக்கு அது தெரியவே தெரியாது. முதன்மை ரூட்டருக்குப் பின்னால், வெளியுலகை நேரே நோக்காமல் இருக்கும் பழைய பெட்டிக்கு இவ்வாபத்து குறைவு. இல்லையென்று கூறிவிட முடியாது. வீட்டுக்குள் ஏற்கெனவே புகுந்த தீநிரல் அதனைத் தொடலாம். ஆகவே தயாரிப்பாளர் வெளியிட்ட கடைசி மென்பொருள் திருத்தத்தை ஏற்றியபின்பே அதனைப் பணியில் அமர்த்த வேண்டும். எல்லாவற்றினும் பழைய பெட்டியிலிருந்து முதன்மை ரூட்டர் ஆக்குவது ஒருபோதும் கூடாது.

மின்சாரமும் மிச்சமும்

பெட்டி ஒன்றுக்கு 6 வாட் என்று கொண்டால், இரவுபகலாக ஓராண்டு ஓடுவதற்கு ஏறத்தாழ 53 யூனிட் மின்சாரம் செலவாகும். மூன்று பெட்டிகளுக்கு 158 யூனிட். இலவசமாகக் கிடைத்த பெட்டி இலவசமாக ஓடுவதில்லை. ஒரே பெட்டியை நடுக்கூடத்துக்கு இடம் மாற்றினாலே குறை தீருமாயின் அதுவே சிக்கனம். இரண்டறை வீட்டில் மூன்று ரூட்டர் வைப்பது வீண்.

பரணில் பெட்டிகள் ஓரிடமும் அவற்றின் மின் அடாப்டர்கள் வேறிடமும் கிடப்பது வழக்கம். முனை பொருந்துகிறதே என்று 12 வோல்ட் அடாப்டரை 5 வோல்ட் அல்லது 9 வோல்ட் பெட்டியில் செருகினால், பெட்டியின் ஆயுள் அக்கணமே முடியலாம். இரண்டின் மீதும் பொறித்துள்ள வோல்ட் எண் ஒன்றாக இருக்க வேண்டும். அடாப்டரின் ஆம்பியர் எண் பெட்டி கேட்பதற்குக் குறையாதிருக்க வேண்டும். நடுமுனை நேரா எதிரா என்று காட்டும் சிறு படமும் ஒத்திருக்க வேண்டும். மின்தடை மிகுந்த ஊர்களில் ரூட்டருக்கெனச் சிறு மின்கலப் பெட்டிகள் விற்கின்றன. அவற்றை முதியவரின் அறைப் பெட்டிக்கு மட்டும் வைத்தால் பயனில்லை. நடுத்தளத்தில் கண்ணாடியிழை நுழையும் பெட்டியும் விழித்திருந்தால்தான் கீழே மருத்துவரின் குரல் கேட்கும்.

தேறாதவையும் சில இருக்கும். டபிள்யூ.பி.ஏ.2 அறியாதது, சூடேறி அடிக்கடி தானே அணைவது, அடாப்டர் தொலைந்து சந்தையிலும் கிடைக்காதது ஆகியவற்றைப் பரணுக்கே திருப்பி அனுப்புவதில் பொருளில்லை. குப்பைத் தொட்டியிலும் அவற்றுக்கு இடமில்லை. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அவை போய்ச் சேர வேண்டும். அவ்வாறு தருமுன், ஊசித் துளைக்குள் உள்ள பொத்தானை இன்னொரு முறை பத்து விநாடி அழுத்திவிடுதல் வேண்டும். பெட்டி உறங்கிக் கிடந்த ஆண்டுகளில் எல்லாம், அக்குடும்பத்தின் இணையக் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் அதனுள் அழியாமல் எழுதப்பட்டே இருந்திருக்கின்றன.